கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவரிடம் ஓர் உறுப்பினர் என்ன கேட்பது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பிரிட்டனில் ஒரு கட்சியில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அடுத்த தலைவர் தேர்தல் வந்தால் உங்களுக்கும் வாக்கு உண்டு. வேட்பாளர்களை மேடையில் உட்கார வைத்து உறுப்பினர்கள் கேள்வி கேட்கும் கூட்டத்துக்குப் போகலாமா, போனால் என்ன கேட்பது என்று யோசிக்கிறீர்கள். உங்கள் மாமாவோ “அதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த நாடகம், பேசாமல் வீட்டில் இரு” என்கிறார். எழுதியிருப்பது இவ்வளவுதான் என்றாலும், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது வேறு என்று தோன்றுகிறது. சாதாரண உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்கும் கேள்விக்கு ஏதாவது பலம் இருக்கிறதா, இல்லையா? அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் ஒரு கட்சிக் கிளையில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். சில ஆண்டுகள் கிளைச் செயலாளராக இருந்தபோது, தொகுதிக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களை நடத்தியிருக்கிறேன். தலைவர் தேர்தல் கூட்டங்களில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கட்சி என்று சொல்லவில்லை, சொன்னால் பதில் முழுவதையும் அந்தக் கண்ணாடி வழியாகவே படிப்பீர்கள். தொழிற்கட்சி, கன்சர்வேட்டிவ் கட்சி ஆகிய இரண்டின் நடைமுறைகளையும் கூர்ந்து கவனித்து வந்தவன் என்ற அளவில் எழுதுகிறேன். மற்ற கட்சிகளுக்குத் தனித்தனி விதிகள் உண்டு, அவற்றைத் தொடப் போவதில்லை.

இந்தக் கூட்டங்களை இங்கே ‘ஹஸ்டிங்ஸ்’ என்பார்கள். சொல் மிகப் பழையது. பழைய நோர்ஸ் மொழியில் ஒரு தலைவனின் வீட்டில் கூடும் அவையைக் குறித்தது. பிறகு, வேட்பாளர் ஏறி நின்று பேசும் மரமேடைக்கு அந்தப் பெயர் வந்தது. 1872-இல் ரகசிய வாக்குமுறை வரும் வரை வாக்காளரும் அந்த மேடையின் முன்னால் தன் வாக்கை எல்லோர் காதிலும் விழச் சொல்லியாக வேண்டும். அப்போது கேள்வி கேட்பதும் கூச்சல் போடுவதும் ஒன்றாகவே நடக்கும். குறுக்கே கத்துவதற்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஹெக்கிள்’ என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. ஆளி நாரைச் சிக்கெடுத்து நேராக்கும் இரும்புச் சீப்புக்குப் பெயர் அது. ஸ்காட்லாந்தில் வேட்பாளரைக் கூட்டத்தில் நிறுத்தி விடாமல் கேள்வி கேட்பதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். சிக்கெடுப்பது என்பதுதான் பொருள். இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது.

ஆனால் அதெல்லாம் தொகுதி வேட்பாளர்கள் விஷயம். கட்சித் தலைவரிடம் உறுப்பினர் கேள்வி கேட்பது பிரிட்டனில் சமீபத்திய வழக்கம்தான். கன்சர்வேட்டிவ் கட்சியில் 1965 வரை தலைவர் தேர்தல் என்றே ஒன்று கிடையாது. பெரியவர்கள் சிலர் கூடிப் பேசுவார்கள், ஒருவர் தலைவராகிவிடுவார். அதன் பிறகு எம்.பி.க்கள் வாக்களித்தார்கள். உறுப்பினர்களுக்கு வாக்கு வந்தது 1998-இல் அப்போதைய தலைவர் வில்லியம் ஹேக் விதிகளை மாற்றிய பிறகுதான். தொழிற்கட்சியிலும் 1981 வரை எம்.பி.க்கள் மட்டுமே. அந்த ஆண்டு ஜனவரியில் வெம்ப்ளியில் நடந்த சிறப்பு மாநாட்டில் தொழிற்சங்கங்களுக்கு 40 விழுக்காடு, எம்.பி.க்களுக்கு 30, தொகுதிக் கட்சிகளுக்கு 30 என்று பங்கு பிரித்தார்கள். எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு என்ற நிலை 2014-க்குப் பிறகே வந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்றைக்கும் இரண்டு கட்சிகளிலும் எம்.பி.க்கள் வடிகட்டி அனுப்பும் பெயர்களில் ஒன்றைத்தான் உறுப்பினர் தேர்ந்தெடுக்கிறார். நீங்கள் அந்த அரங்கில் போய் உட்காருவதற்குள் பாதி முடிவு நாடாளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டரில் ஆகியிருக்கும்.

சரி, மாமா சொல்லும் நாடகத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. பெரிய கூட்டங்களில் கேள்விகளைப் பெரும்பாலும் முன்கூட்டியே எழுதி வாங்குவார்கள். ஒரே விஷயத்தைப் பற்றி நாற்பது பேர் கேட்டிருந்தால் அதில் ஒன்று தேறும். யார் எழுந்து கேட்பது என்பதைத் தொகுப்பாளரோ கட்சி அலுவலகமோ முடிவு செய்யும். நானே அப்படித் தேர்ந்தெடுத்திருக்கிறேன், அதனால் உள்ளே நடப்பது தெரியும். நான் கண்டவரை, ஒரு வேட்பாளரைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தைவிட, சண்டை வந்துவிடக் கூடாது, எல்லாத் துறைகளும் வந்துவிட வேண்டும், நேரத்துக்கு முடிய வேண்டும் என்ற பதற்றமே அந்த மேசையில் அதிகம். அதன் விளைவாகக் கூர்மையான கேள்விகள் தள்ளுபடியாகி, மழமழவென்று இருப்பவை மேலே வருகின்றன. நான் தள்ளி வைத்த சில சீட்டுகளை நினைத்து இன்றும் வருந்துகிறேன். ஆனால் வேட்பாளர் கையில் கேள்வித்தாளை முன்பே கொடுத்துவிடுகிறார்கள் என்று உங்கள் மாமா நினைத்தால், நான் இருந்த எந்தக் கூட்டத்திலும் அது நடக்கவில்லை.

நாடகம் மட்டும்தான் என்றால் 2022 ஜூலை 28 அன்று லீட்ஸ் நகரில் நடந்தது நடந்திருக்காது. கன்சர்வேட்டிவ் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட லிஸ் டிரஸ், ரிஷி சுனக் இருவரையும் வைத்து நடந்த 12 கூட்டங்களில் அது முதலாவது. ஓர் உறுப்பினர் எழுந்து சுனக்கின் முகத்துக்கு நேரே, உங்களுக்கு நிதியமைச்சர் பதவி கொடுத்த போரிஸ் ஜான்சனை முதுகில் குத்திவிட்டீர்கள் என்ற பொருளில் சொல்லிவிட்டுத்தான் கேள்வியையே கேட்டார். அந்தக் கோடைகாலத்தில் கட்சிக்குள் எல்லோரும் தனித்தனியாக முணுமுணுத்துக்கொண்டிருந்த விஷயம் அது. பொருளாதாரக் கொள்கையில் ஒத்துப்போக முடியாத நிலை வந்ததால் விலகினேன் என்று சுனக் விளக்கினார். அது நேர்மையான பதிலா என்பது அவரவர் தீர்ப்பு. எந்தப் பத்திரிகையாளர் கேட்டிருந்தாலும் அந்தக் கனம் வந்திருக்காது. வாக்குச்சீட்டைக் கையில் வைத்திருப்பவர் கேட்டதால்தான் வந்தது.

அப்புறம், முடிவு மாறுமா என்ற கேள்வி. எனக்குத் தெரிந்த சான்றுகளை வைத்துச் சொன்னால், ஒரு கூட்டத்தில் கேட்ட ஒரு கேள்வியால் தலைவர் தேர்தலின் முடிவு புரண்டுவிட்டது என்று உறுதியாகக் காட்டக்கூடிய ஓர் உதாரணம்கூட இல்லை. 2005 கன்சர்வேட்டிவ் தலைவர் தேர்தலில் டேவிட் கேமரனும் டேவிட் டேவிஸும் தொலைக்காட்சியில் பார்வையாளர் கேள்விகளை எதிர்கொண்டார்கள். அன்று டேவிஸ்தான் நன்றாகப் பேசினார் என்று பரவலாக எழுதினார்கள். ஆனாலும் கேமரன் 1,34,446 வாக்கு, டேவிஸ் 64,398 வாக்கு. அக்டோபரில் பிளாக்பூல் மாநாட்டில் குறிப்புத்தாள் இல்லாமல் கேமரன் ஆற்றிய உரையிலேயே காற்று திரும்பியிருந்தது. 2022-இலும் ஆகஸ்ட் தொடக்கத்துக் கருத்துக்கணிப்புகள் டிரஸ் மிகப் பெரிய வித்தியாசத்தில் முன்னிலை என்றன. கடைசியில் அவருக்கு 81,326, சுனக்குக்கு 60,399, அதாவது 57.4-க்கு 42.6. இடைவெளி கணிப்புகள் சொன்ன அளவுக்கு இல்லை. கூட்டங்களில் சுனக் மெல்ல மெல்ல ஆட்களைத் திருப்பினார் என்று அவர் பக்கத்தார் சொன்னார்கள். கணிப்பே பிசகியிருக்கலாம் என்பதும் அதே அளவு சாத்தியம். இரண்டில் ஒன்றைத் துணிந்து சொல்ல முடியாது.

அப்படியானால் எதற்காகப் போய்க் கேட்க வேண்டும்? எனக்குப் புரிய வைத்தது ஒரு பழைய நிகழ்ச்சி. அது கட்சித் தலைவர் தேர்தல் இல்லை, பொதுத்தேர்தல். இருந்தாலும் கேள்வி கேட்கும் கலைக்கு அதைவிட நல்ல பாடம் இங்கே இல்லை. 1983 மே மாதம், பி.பி.சி. நிகழ்ச்சி ஒன்றில் மார்கரெட் தாட்சரிடம் வாக்காளர்கள் கேள்வி கேட்டார்கள். சிரென்செஸ்டர் ஊரிலிருந்து டயானா கூல்ட் என்ற பள்ளி ஆசிரியை பேசினார். முந்தைய ஆண்டு ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் பெல்கிரானோ கப்பலைப் பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கடித்தது, 323 பேர் இறந்தார்கள். கப்பல் தீவுகளை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தபோது ஏன் மூழ்கடித்தீர்கள் என்று கேட்டார். விலகிப் போகவில்லை என்றார் தாட்சர். கூல்ட் விடவில்லை. கப்பல் போன திசையின் பாகை எண்ணைச் சொன்னார், அது ஏற்கெனவே தீவுகளுக்கு மேற்கே இருந்தது என்றார். தாட்சர் பேச்சைத் திருப்பத் திருப்ப, அதே இடத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு வந்தார். குரல் உயரவில்லை. அடைமொழி எதுவும் கிடையாது. ஜூன் மாதத் தேர்தலில் தாட்சர் 144 இடப் பெரும்பான்மையுடன் ஜெயித்தார். அந்தக் கேள்வியால் ஓர் இடம்கூடக் குறைந்திருக்காது. ஆனால் அந்தச் சில நிமிடங்களை இந்த நாடு இன்னும் மறக்கவில்லை. பெல்கிரானோ எந்தத் திசையில் போனது என்று அரசாங்கத்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் கேட்டவர்களுக்கெல்லாம் அது ஒரு பிடிமானமாக இருந்தது.

ஆகவே கேள்வியின் வேலை அன்றைய வாக்கைத் திருப்புவது இல்லை என்றே நினைக்கிறேன். வேட்பாளரின் வாயால் ஒரு விஷயத்தைப் பதிவாக்குவதுதான் அதன் வேலை. பிறகு அவர் தலைவரான பிறகும், பிரதமரான பிறகும், அந்தப் பதிவு அவர் பின்னாலேயே வரும்.

இதற்கு 2022 கோடையே போதும். அந்த ஜூலை இறுதியில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற வசதியான ஊரில் ஒரு தோட்டத்தில் கட்சி உறுப்பினர்களிடம் சுனக் பேசினார். முந்தைய தொழிற்கட்சி ஆட்சியின் நிதி ஒதுக்கீட்டுச் சூத்திரம் பின்தங்கிய நகரப் பகுதிகளுக்கே பணத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது, அதை மாற்றும் வேலையைத் தொடங்கியவன் நான் என்றார். அங்கிருந்தவர்களுக்கு அது இனித்திருக்கும். ஆகஸ்ட் 5-இல் வீடியோ வெளியானதும் நாடு முழுக்க வேறு மாதிரி ஒலித்தது. நாரிச் கூட்டத்தில் தொகுப்பாளர் டிரஸ்ஸிடம், பிரெஞ்சு அதிபர் மக்ரோன் நண்பரா எதிரியா என்று கேட்டார். தீர்ப்பு இன்னும் வரவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார் டிரஸ், அரங்கில் கைதட்டல். அப்போது அவர் வெளியுறவு அமைச்சர், அந்த நாடு நேட்டோ கூட்டாளி. சுனக் அதே கேள்விக்கு ‘நண்பர்’ என்று ஒரே சொல்லில் முடித்தார். இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தத் தேர்தல் அறிக்கையும் இவ்வளவு காட்டிக்கொடுக்காது.

கைதட்டல் என்று சொன்னேன் இல்லையா, அங்கேதான் பெரிய ஆபத்து. 2022-இல் கன்சர்வேட்டிவ் தலைவர் தேர்தலில் வாக்கு இருந்தவர்கள் 1,72,437 பேர். நாட்டின் வாக்காளர்கள் நாலரைக் கோடிக்கும் மேல். அந்த ஒன்றே முக்கால் லட்சம் பேர் தேர்ந்தெடுப்பவர் மறுநாளே எல்லோருக்கும் பிரதமர். அரங்கில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் சந்தா கட்டுகிறவர்கள், வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் போடுகிறவர்கள், ஏற்கெனவே ஓரளவு ஒரே மாதிரி நினைக்கிறவர்கள். நாங்கள் கேட்கும் கேள்வியும் எங்களைப் போலவே இருக்கும். கார்ப்பரேட் வரியை 25 விழுக்காடாக உயர்த்துவதை நிறுத்துவேன் என்று டிரஸ் ஒவ்வொரு மேடையிலும் சொன்னார். அரங்குகள் தட்டின. பணம் எங்கிருந்து வரும் என்ற எதிர்க்கேள்வியை அந்தக் கோடை முழுதும் வலுவாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் எதிர் வேட்பாளர் சுனக்தான். உறுப்பினர் வரிசைகளிலிருந்து அது போதுமான அளவு வரவில்லை என்பது என் எண்ணம். டிரஸ் ஜெயித்துப் பிரதமரானார், செப்டம்பர் 23-இல் வரிக்குறைப்புகளை அறிவித்த மினி பட்ஜெட் வந்தது, சந்தை கலங்கியது, அக்டோபர் 14-இல் அந்த வரி வாக்குறுதியை அவரே கைவிட்டார், 20-ஆம் தேதி பதவி விலகல் அறிவிப்பு. கைதட்டிய அரங்குகளில் யாராவது ஒருவர் “உங்கள் கணக்கைச் சரிபார்க்க விடுவீர்களா?” என்று மட்டும் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பார்வையாளர்கள் கேள்வியையே எதிர்க்கும் நேரமும் உண்டு. 2019 ஜூன் 22, பர்மிங்ஹாம், கன்சர்வேட்டிவ் தலைவர் தேர்தல் கூட்டம். ஜான்சன் தங்கியிருந்த வீட்டுக்குச் சச்சரவு காரணமாகப் போலீஸ் வந்ததைப் பற்றித் தொகுப்பாளர் அயன் டேல் கேட்டார். ஜான்சன் பிடி கொடுக்கவில்லை. டேல் திரும்பக் கேட்டார். கூட்டம் ஜான்சனைப் பார்த்து அல்ல, கேட்டவரைப் பார்த்துக் கூச்சலிட்டது. தலைவராகப் போகிறவருக்கு அரங்கில் கிடைக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு அது. நீங்கள் ஒருநாள் அந்த வரிசையில் இருக்கும்போது, உங்களுக்குப் பிடித்த வேட்பாளரை யாராவது கடினமாகக் கேட்டால், தயவுசெய்து அந்தக் கூச்சலில் சேராதீர்கள். அதே தேர்தலின் கடைசிக் கூட்டத்தில், லண்டனில், ஜான்சன் ஒரு புகையூட்டிய மீனைத் தூக்கிக் காட்டினார். ஐல் ஆஃப் மேன் தீவில் மீன் விற்பவர் அதைத் தபாலில் அனுப்பப் பனிக்கட்டிப் பையும் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறதாம், பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய அதிகாரிகளின் கெடுபிடியாம். அரங்கு சிரித்து மகிழ்ந்தது. அப்படி ஒரு ஐரோப்பிய விதி அந்த மீனுக்குப் பொருந்தாது என்று மறுநாள் ஐரோப்பிய ஆணையம் விளக்கியது. ஐல் ஆஃப் மேன் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இல்லை. அந்த அரங்கில் இதை அறிந்த ஒருவர், ஒரே ஒருவர், கையில் மைக்குடன் இருந்திருக்க வேண்டும்.

இனி, என்ன கேட்பது. நான் பார்த்தவரை உறுப்பினர்கள் கேட்பதில் பெரும்பகுதி கொள்கைக் கேள்விகள்: மருத்துவமனைக்கு என்ன செய்வீர்கள், குடியேற்றம், வரி, பருவநிலை. அவை முக்கியம்தான், ஆனால் அவற்றுக்கான பதில் பெரும்பாலும் வேட்பாளரின் இணையதளத்திலேயே இருக்கும். அதையே அவர் திரும்ப ஒப்பிப்பார். யாரும் போதிய அளவு கேட்காத கேள்வி ஒன்று உண்டு: உங்கள் எம்.பி.க்கள் உங்கள் பின்னால் நிற்பார்களா, நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள்? கட்சித் தலைமை என்பதே அந்த வேலைதான்.

எண்களைப் பாருங்கள். 2001-இல் கன்சர்வேட்டிவ் எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் கென் கிளார்க்குக்கு 59, ஐயன் டங்கன் ஸ்மித்துக்கு 54, மைக்கேல் போர்ட்டிலோவுக்கு 53. உறுப்பினர்கள் டங்கன் ஸ்மித்தை ஏறத்தாழ 61 விழுக்காடு வாக்குடன் தலைவராக்கினார்கள். இரண்டே ஆண்டுகளில், 2003 அக்டோபரில், அதே எம்.பி.க்கள் 90-க்கு 75 என்ற கணக்கில் அவரை இறக்கிவிட்டார்கள். 2015-இல் தொழிற்கட்சியின் ஜெரிமி கோர்பினுக்குப் போட்டியில் நுழையவே 35 எம்.பி.க்களின் பரிந்துரை வேண்டியிருந்தது. அவருக்குக் கிடைத்தது 36, அதுவும் கெடு முடியும் தறுவாயில். அதிலும் சிலர், விவாதம் விரியட்டும் என்று கையெழுத்திட்டவர்கள், அவருக்கு வாக்களிக்கும் எண்ணம் இல்லாதவர்கள். உறுப்பினர்களும் பதிவு பெற்ற ஆதரவாளர்களும் சேர்ந்து 59.5 விழுக்காடு கொடுத்தார்கள். மறு ஆண்டு ஜூனில் 172 எம்.பி.க்கள் நம்பிக்கையில்லை என்றார்கள், 40 பேர்தான் அவர் பக்கம். 2022-இல் எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் சுனக் 137, டிரஸ் 113, பென்னி மோர்டன்ட் 105. டிரஸ்ஸுக்கு மூன்றில் ஒரு பங்கு எம்.பி.க்கள்கூட இல்லை. டங்கன் ஸ்மித், கோர்பின், டிரஸ் மூவரும் ஒரே குணம் உடையவர்கள் அல்லர், மூன்று வீழ்ச்சிக்கும் காரணங்கள் வேறு வேறு. கோர்பின் அதே 2016-இல் மறுபடி நின்று 61.8 விழுக்காட்டுடன் ஜெயித்து இன்னும் மூன்றரை ஆண்டுகள் தலைவராக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே எம்.பி. ஆதரவு குறைவாக இருந்தால் உடனே கவிழ்ந்துவிடுவார் என்று விதியாகச் சொல்லவில்லை. அந்த நிலையில் என்ன செய்யப் போகிறார் என்பதை வாக்களிக்கும் முன் அவர் வாயால் கேட்டு வைத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இருந்தது, நாம் அதைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்கிறேன்.

இன்னொரு கேள்வியை நான் என் பகுதியில் நடந்த வேட்பாளர் தேர்வுக் கூட்டம் ஒன்றில் கற்றுக்கொண்டேன். முதியோரைப் பராமரிக்கும் வேலை பார்க்கும் ஓர் அம்மா, பின்வரிசை. எழுந்து, “நீங்கள் உறுதியாக நம்பும் எந்த விஷயத்துக்காக இந்த அறையில் இருப்பவர்கள் உங்கள்மேல் கோபப்படுவார்கள்?” என்று கேட்டார். அவ்வளவுதான். மூன்று வேட்பாளர்களில் இருவர் சுற்றி வளைத்து, எல்லோருடனும் பேசுவேன், எல்லோர் கருத்தையும் கேட்பேன் என்று போய்விட்டார்கள். மூன்றாமவர் சற்று யோசித்து, ஊருக்கு வெளியே இருக்கும் பச்சை நிலத்தில் வீடு கட்ட வேண்டும் என்று நினைக்கிறேன், உங்களில் பலர் அதற்கு எதிராகக் கையெழுத்து வாங்கியவர்கள் என்று தெரியும் என்றார். அறையில் யாரும் தட்டவில்லை. அவர் தோற்றார். நான் அவருக்குத்தான் வாக்களித்தேன். பச்சை நிலம் விஷயத்தில் அவரோடு எனக்கு அப்போது உடன்பாடு இல்லை, இப்போதும் முழுதாக இல்லை. ஆனால் அந்த இரண்டு பேர் பதவிக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியவே இல்லை. இவர் என்ன செய்வார் என்று தெரிந்தது.

கேள்வியின் வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைக் கையில் வந்ததும் நம் ஆட்களில் பலர் (தமிழர்களை மட்டும் சொல்லவில்லை, எல்லோரையும்தான்) இரண்டு நிமிடம் தங்கள் வரலாறு, நாட்டின் நிலை என்று பேசிவிட்டுக் கடைசியில், “இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?” என்று முடிக்கிறார்கள். அப்படி முடிந்தால் வேட்பாளருக்கு நிம்மதி. உங்கள் இரண்டு நிமிடத்தில் தனக்கு வசதியான ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். ஒரே கேள்வி, இருபது சொல்லுக்குள், அதற்குள் ஒரு தகவல் அல்லது ஒரு விலை இருக்கட்டும். “பராமரிப்புத் துறைக்குக் கூடுதல் பணம் தருவீர்களா?” என்று கேட்டால் ஆம் என்பார். “தருவதற்காக எதைக் குறைப்பீர்கள்?” என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். கூல்ட் அம்மாவுக்கு இருந்த வசதி உங்களுக்கு இருக்காது. அவரால் திரும்பத் திரும்பக் கேட்க முடிந்தது, உங்கள் கையிலிருந்து மைக்கை உடனே வாங்கிக்கொள்வார்கள். அதற்கு ஒரு வழி உண்டு. கூட்டத்துக்கு இரண்டு மூன்று பேராகப் போங்கள். முதலாமவரின் கேள்வி நழுவவிடப்பட்டால், அடுத்து வாய்ப்புக் கிடைப்பவர் தன் கேள்வியை விட்டுவிட்டு, “முன்னால் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லையே” என்று அமைதியாகச் சொல்லட்டும். நான் இருமுறை இது நடக்கக் கண்டிருக்கிறேன், இருமுறையும் அறை நிமிர்ந்து உட்கார்ந்தது.

வாங்கிய பதிலுக்கு என்ன மதிப்பு என்பதில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. 2020-இல் கீர் ஸ்டார்மர் பத்து உறுதிமொழிகளுடன் தொழிற்கட்சித் தலைவர் தேர்தலில் நின்றார், 56.2 விழுக்காட்டுடன் ஜெயித்தார். பல்கலைக்கழகக் கட்டண ஒழிப்பை ஆதரிப்பது, ரயில், தபால், எரிசக்தி, தண்ணீர் ஆகியவற்றைப் பொது உடைமையாக்குவது எல்லாம் அதில் இருந்தன. 2023-க்குள் கட்டண ஒழிப்பிலிருந்து விலகினார், எரிசக்தி, தண்ணீர், தபால் பொது உடைமையும் போயிற்று. ரயில் மட்டும் தங்கியது. நிலைமை மாறிவிட்டது என்றார் அவர். ஏமாற்றப்பட்டோம் என்றார்கள் அவருக்கு வாக்களித்த பலர். 2024 பொதுத்தேர்தலில் கட்சி பெரும் வெற்றி பெற்றதைக் காட்டி, மாற்றியதே சரி என்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், உறுதிமொழியைக் காப்பாற்ற வைக்கும் சட்டபூர்வ வழி எதுவும் உறுப்பினர் கையில் இல்லை. கையில் இருப்பது பதிவு மட்டும்தான். அதனால் “இதைச் செய்வீர்களா?” என்பதோடு, “எந்த நிலைமையில் இதைக் கைவிடுவீர்கள்?” என்பதையும் கேட்டுவிடுவது நல்லது. 2020-இல் இந்த இரண்டாவது கேள்வியைத் தொழிற்கட்சித் தோழர்கள் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

நம் ஊரோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் காங்கிரஸ் 2022 அக்டோபரில் தலைவர் தேர்தல் நடத்தியது, மல்லிகார்ஜுன் கார்கே 7,897, சசி தரூர் 1,072. வேட்பாளர்கள் பொதுவில் விவாதிக்கலாம் என்று தரூர் விரும்பினார், அது நடக்கவில்லை. வாக்கும் பிரதிநிதிகளுக்கு மட்டுமே. தமிழ்நாட்டுக் கட்சிகளில் தலைமைப் பதவிக்குப் போட்டி என்பதே அரிது. அந்த அனுபவத்தோடு வரும் நமக்கு, இங்கே ஒரு பெரிய தலைவரைப் பார்த்து நேராகக் கேட்கக் கூச்சமாக இருப்பது இயல்பு. எனக்கும் முதல் தடவை கால் நடுங்கியது.

போவதற்கு முன் நடைமுறை விஷயங்கள் சில. சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டதால் உங்களுக்குச் சிக்கல் இருக்காது. கன்சர்வேட்டிவ் கட்சியில் அண்மைத் தேர்தல்களில் மூன்று மாதம் உறுப்பினராக இருந்தால்தான் வாக்கு, தொழிற்கட்சியில் ஒவ்வொரு முறையும் தனியாகக் கெடு தேதி அறிவிப்பார்கள். சந்தா தவறாமல் போகிறதா, மின்னஞ்சலும் முகவரியும் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். கூட்டம் அறிவித்ததும் பதிவு செய்ய வேண்டும், பெரிய நகரங்களில் சீக்கிரம் நிறைந்துவிடும். கேள்வியை முன்கூட்டியே எழுதி அனுப்பச் சொன்னால், பெயருடன் சுருக்கமாக அனுப்புங்கள். நீளமானவற்றை யாரும் எடுப்பதில்லை, எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட, வாக்குச்சீட்டு வந்த அன்றே போட்டுவிடாதீர்கள். 2022-இல் ஆகஸ்ட் 11-க்குள் சீட்டு வந்துவிடும் என்று உறுப்பினர்களுக்குச் சொன்னார்கள். கடைசிக் கூட்டம் வெம்ப்ளியில் 31-ஆம் தேதி, வாக்களிக்கக் கெடு செப்டம்பர் 2 மாலை 5 மணி. நாரிச் கூட்டம் நடக்கும்போதே ஏராளமானோர் வாக்களித்து முடித்திருந்தார்கள், அங்கே வந்த பதில்கள் அவர்களுக்கு வெறும் செய்தி. இணையத்தில் வாக்களிக்க வழி இருந்தால் கடைசிக் கூட்டத்தையும் பார்த்துவிட்டு, நீங்கள் கேட்ட கேள்விக்கு வந்த பதிலைத் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டு, அப்புறம் போடுங்கள். தபாலில்தான் என்றால் இரண்டு நாள் முன்னதாக. அந்தக் குறிப்பைத் தேர்தலுக்குப் பிறகும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் தொகுதி எம்.பி.யைச் சந்திக்கும்போது தேவைப்படும்.